ஓடாத படத்தின் பாட்டுப் புத்தகம்

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் சேர்க்கிறேன் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம். “பாகவதர் படமெல்லாம் இருக்கா? ‘ஹரிதாஸ்’ இருக்கா?” அடுத்தது எம்.ஜி.ஆர்., அதற்கடுத்தது சிவாஜி. விற்பவர்கள் சொல்லும் விலையும் இதே வரிசையில்தான் ஏறி இறங்கும். எனக்கு அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. ‘ஹரிதாஸ்’ பாட்டு காதில் விழுந்தால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிற ஆள்தான் நானும். ஆனால் ‘ஹரிதாஸ்’ எங்கேயும் போய்விடாது. படம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அதைப் பற்றி எழுதவும் பேசவும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதன் பாட்டுப் புத்தகம் ஒன்று கிழிந்து போனால் இன்னொன்று எங்கோ ஒரு பீரோவில் பத்திரமாக இருக்கும்.

நான் தேடுவது ஓடாத படங்களின் பாட்டுப் புத்தகங்களை. வந்த வேகத்தில் பெட்டிக்குள் சுருண்ட படங்கள். பெயர் சொன்னால் எண்பது வயதுப் பெரியவர்கூட “அப்படி ஒரு படம் வந்ததா?” என்று கேட்கிற படங்கள்.

பாட்டுப் புத்தகம் என்றால் என்னவென்றே தெரியாத தம்பி தங்கைகள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கைக்கு அடக்கமான, 8 பக்கத்திலிருந்து 24 பக்கம் வரை வரும் மெல்லிய புத்தகம். மட்டமான காகிதம், நடுவில் ஒரு பின். அரையணா, ஓரணா, இரண்டணா என்று விலை. கொட்டகை வாசலில் விற்பார்கள், இடைவேளையில் முறுக்கோடும் சோடாவோடும் உள்ளேயும் வரும். அட்டையில் நாயக நாயகியின் பிளாக். திருப்பினால் நடிகர் பட்டியல், யார் எந்த வேஷம் என்ற விவரம், ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, ஸ்டூடியோ. பிறகு கதைச் சுருக்கம். கதாநாயகி காட்டில் தனியாக நிற்கும்போதோ, வில்லன் கத்தியை ஓங்கும்போதோ அது நின்றுவிடும். “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று ஒரு வரி. அதன்பின் பாட்டுகள். 1930-களின் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகம், தாளம் போட்டிருப்பார்கள். இன்ன பாட்டின் மெட்டு என்று ஒளிவுமறைவில்லாமல் அச்சிட்டிருப்பதும் உண்டு. இந்தி மெட்டாக இருந்தாலும் சரி, நாடக மெட்டாக இருந்தாலும் சரி. இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பாட்டுகளோ கொஞ்சநஞ்சமல்ல. 1934-இல் வந்த பாகவதரின் முதல் படம் ‘பவளக்கொடி’யில் சுமார் 50 பாட்டு. இத்தனையையும் ஒரே இரவில் கேட்டுவிட்டு எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? கிராமபோன் வசதியுள்ளவர் வீட்டுச் சாமான். மற்றவர்களுக்குப் பாட்டு வீடு வந்து சேர்ந்தது இந்த ஓரணாப் புத்தகம் வழியாகத்தான். வயலுக்கும் அடுப்படிக்கும் பஜனை மடத்துக்கும் அது போனது.

ஓடிய படத்தின் புத்தகத்தை ஊர் ஊராக மறுபடி மறுபடி அச்சடித்தார்கள். ஓடாத படத்துக்கு யார் அடிப்பார்கள்? முதலில் அடித்த கட்டும் விற்காமல் கிடந்து, மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போயிருக்கும். தப்பிப் பிழைத்தது சொற்பம். அந்தச் சொற்பத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்பதற்கு ஒரு படத்தைச் சொல்கிறேன்.

1938-இல் ‘ஸ்ரீ ராமானுஜர்’ என்றொரு படம் வந்தது. எடுத்தவர் ஏ. நாராயணன், சென்னையிலேயே தயாரான முதல் தமிழ்ப் பேசும்படமான ‘ஸ்ரீனிவாச கல்யாணம்’ (1934) அவருடையது. அவர் மனைவி மீனாட்சி ஒலிப்பதிவாளர், அந்தக் காலத்திலேயே. ‘ஸ்ரீ ராமானுஜ’ரில் ராமானுஜராக நடித்தவர் சங்கு சுப்பிரமணியம், பத்திரிகைக்காரர், மணிக்கொடி வட்டத்தோடு சேர்ந்தவர். நடிகர்களில் இன்னொருவர் ந. பிச்சமூர்த்தி. ஆமாம், தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடியாக நாம் பாடத்தில் படிக்கிற அதே பிச்சமூர்த்திதான், முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு. பாட்டு எழுதியவர் பாரதிதாசன்.

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். சுயமரியாதை இயக்கக் கவிஞர், வைணவ ஆசாரியரைப் பற்றிய படத்துக்குப் பாட்டு எழுதியிருக்கிறார். முதலில் கேள்விப்பட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பொருத்தம் இருக்கிறது: கோபுரத்தின் மேல் ஏறி நின்று மந்திரத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த ராமானுஜரிடம் பாரதிதாசனுக்குப் பிடித்துப்போக ஏதோ இருந்திருக்கும். அப்படி என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டுமானால் படத்தைப் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்த ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அப்படியானால் மிச்சம் பாட்டுப் புத்தகம்தான். ஒரு பெருங்கவிஞரின் வரிகள் 16 பக்க ஓரணாப் புத்தகத்தை நம்பிக்கொண்டிருக்கின்றன என்றால் அதைத் தேடாமல் எப்படி இருப்பது?

படங்கள் ஏன் இப்படி மறைந்தன என்று கேட்பீர்கள். 1950-களின் தொடக்கம் வரை படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பிடிக்கும், நம் ஊர் வெக்கையில் தானாகவே பிசுபிசுத்து, நொறுங்கிப் பொடியாகும். போதாததற்கு அதில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்தை வைத்துக் காப்பாற்றுவதைவிட, வெள்ளி எடுப்பவர்களிடம் விற்றுக் கடனை அடைப்பது தயாரிப்பாளருக்கு லாபம். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964-இல்தான். அங்கே சேர்ந்தவையும் முழுதாகத் தப்பவில்லை: 2003 ஜனவரி 8-ஆம் தேதி புனே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. 1931 அக்டோபர் 31-இல் வெளியான நம் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ இன்று ஒரு அடிகூட இல்லை. அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி 1936-இல் தானே தயாரித்து, இயக்கி, நடித்த ‘மிஸ் கமலா’வும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்று அவரைப் புகழ்கிறோம். அவர் ஒரு காட்சியை எப்படி எடுத்தார் என்று சொல்ல நம்மிடம் எதுவும் கிடையாது.

ஓடாத படம் மட்டுமல்ல, ஓடிய படமும் போயிருக்கிறது. 1937-இல் ‘சிந்தாமணி’ அடித்த அடியில் வந்த லாபத்தைக் கொண்டு மதுரையில் சிந்தாமணி தியேட்டரையே கட்டினார்கள். தியேட்டர் படத்தைவிட நீண்ட நாள் வாழ்ந்தது. ஆனாலும் ‘சிந்தாமணி’க்கு இசைத்தட்டு உண்டு, கதை சொல்லும் பாட்டிமார் இருந்தார்கள். தோற்ற படத்துக்கு அதுவும் கிடையாது.

சரி, சேர்ப்பதில் இருக்கும் வேலைக்கு வருகிறேன். என் பொழுதில் பாதி போவது தேதி கண்டுபிடிப்பதில். பல புத்தகங்களில் ஆண்டு போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் காகிதமே துப்புக் கொடுக்கும். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாதம்தான் தசம நாணயம் வந்தது. அதன்பின் “நயா பைசா” என்று இருக்கும். 1964 ஜூனோடு ‘நயா’ போய் வெறும் பைசா. ஆனால் மாற்றம் வந்த புதிதில் இரண்டு விலையையும் சேர்த்துப் போட்ட அட்டைகளும் கண்ணில் படும். எனக்கு அவை மேல் தனிப் பிரியம். விலாசத்தில் “சென்னை ராஜ்யம்” என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன்னால் அடித்தது என்று யூகிக்கலாம். ஆறிலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு அப்புறம். போர்க்காலப் புத்தகங்களைத் தொட்டாலே தெரியும்: காகிதத் தட்டுப்பாடு, எழுத்து பொடிப்பொடியாக, பாட்டும் குறைவு. படத்தின் நீளமே 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்த காலம் அது. ஐம்பது பாட்டுக் காலம் அதோடு முடிந்தது.

எழுத்தும் சாட்சி சொல்லும். தும்பிக்கை போட்ட ‘லை’, ‘னை’ இருக்கிறதா என்று பாருங்கள். 1978 அக்டோபரில் அரசாணை வந்த பிறகுதான் பொது அச்சில் இவை மாறத் தொடங்கின. 1950-களின் படம் என்று சொல்லி ஒருவர் நீட்டும் புத்தகத்தில் புதிய ‘லை’ இருந்தால், பிற்காலத்தில் அடித்ததாக இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். (பெரியார் 1935 முதலே ‘விடுதலை’யில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார் என்பதால் இயக்க அச்சகங்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.) இப்போது கலர் ஜெராக்ஸ் போட்டு, தேயிலைத் தண்ணீர் தெளித்துப் பழசாக்கி விற்கிறவர்களும் உண்டு. பக்கத்தைப் புரட்டிப் பின்புறம் விரலால் தடவுங்கள். ஈய எழுத்து அழுத்திய மேடு விரலுக்குத் தெரியும். ஜெராக்ஸ் வழவழவென்று இருக்கும்.

நான் மிகவும் மதிப்பது, மற்ற சேகரிப்பாளர்கள் விலையைக் குறைக்கச் சொல்லும் இடத்தை: எழுதிக் கிறுக்கிய பிரதிகளை. “சார், இதுல யாரோ பென்சில்ல கோடு போட்டுருக்கான், பாதி விலைக்குத் தரேன்” என்பார் கடைக்காரர். எனக்கு அது முழு விலைக்கும் மேலே பெறும். ஒரு புராணப் படப் புத்தகத்தில் மூன்று பாட்டுக்கு மட்டும் பக்கத்தில் ஸ்வரம் எழுதியிருக்கிறது, ஆர்மோனியக்காரர் கை என்று நினைக்கிறேன். சுருதி மாற்றி, இரண்டாம் அடியை அடித்துவிட்டு வேறு வரி எழுதியிருக்கிறார். சினிமாப் பாட்டு எப்படி நாடக மேடைக்கும் பஜனைக்கும் போய்ச் சேர்ந்தது என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் பேசும்; இங்கே ஒருவர் அதைச் செய்துகொண்டிருக்கும்போதே நாம் எட்டிப் பார்க்கிறோம். இன்னொன்றில் கடைசிப் பக்கத்தில் பால் கணக்கு. வேறொன்றில், படத்தில் இந்தப் பாட்டு வரவில்லை என்று ஒருவர் கோபமாகக் குறித்து வைத்திருக்கிறார். அச்சில் வந்து, திரையில் வெட்டுப்பட்ட பாட்டு! அந்தக் கொட்டகையில் ஓட்டிய பிரதியில் வெட்டினார்களா, எடுக்கவே இல்லையா தெரியாது. ஆனால் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டாகச் சரிபார்த்த ஒரு ரசிகரை எனக்குத் தெரிகிறது.

பின்னட்டையையும் விடாதீர்கள். சோப்பு, கூந்தல் தைலம், இசைத்தட்டு, லேகியம், ஊரிலுள்ள ஜவுளிக்கடை. உள்ளூர் விளம்பரம் இருந்தால் அது எந்த ஊர்ப் பிரதி என்றே சொல்லிவிடலாம்.

இதே பெட்டியில் சேரும் உறவுக்காரர்களும் உண்டு. மாட்டுவண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு ஊருக்குள் வீசிப்போன ரோஸ், மஞ்சள் நோட்டீஸ்கள். 1939-இன் கேளிக்கை வரிச் சட்டத்துக்குப் பிறகு வந்த, வரி தனியாகக் குறித்த டிக்கெட் துண்டுகள். ரயில் நிலையத்து எடை பார்க்கும் இயந்திரம் துப்பும், ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் நடிகர் படமும் போட்ட அட்டைகள். புனே ஆவணக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயர் சிறுவயதில் சேர்த்தவை டிக்கெட் துண்டுகளும் இந்த எடை அட்டைகளும்தான். ஃபால்கேயின் படங்களைத் தேடி மீட்டுக்கொண்டு வந்த மனிதரின் ஆரம்பம் அது. சின்னப் பையன் அட்டை பொறுக்கினால் வீட்டில் திட்டாதீர்கள்.

நம் பக்கத்தில் பெயர் சொல்ல வேண்டியவர் ரோஜா முத்தையா. கோட்டையூர்க்காரர். சைன்போர்டு எழுதும் தொழில். ‘ரோஜா’ என்பது அந்தத் தொழிலில் வந்த பெயர். புத்தகம் மட்டுமில்லாமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், வெட்டிய பத்திரிகைத் துண்டு என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததை எல்லாம் வீடு நிறையச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, ஊரை விட்டு எடுத்துப் போகாமல், 1994-இல் சென்னையிலேயே நூலகமாக்க உதவியது. இப்போது தரமணியில் இருக்கிறது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் இன்னொருவர். எந்த ஆண்டு எந்தப் படம் என்று நாம் இன்று சாதாரணமாகத் தட்டிப் பார்க்கும் பட்டியல்களின் அடியில் அவர் சேர்த்த காகிதங்கள் இருக்கின்றன. இருவருமே நட்சத்திரம் பார்த்துச் சேர்த்தவர்கள் இல்லை. ஓடியதும் ஓடாததும் அவர்களிடம் ஒரே அலமாரியில் இருந்தன.

கிடைக்கும் இடம் என்று கேட்டால், மூர் மார்க்கெட் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. 1985 மே 30-இல் அது எரிந்தபோது எத்தனை பாட்டுப் புத்தகங்கள் சாம்பலாயின என்று நினைத்தால் வயிறு எரிகிறது. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் இன்னும் சில நாள் அதிர்ஷ்டம் அடிக்கும். காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் பீங்கான், எனாமல் போர்டுக்கு நடுவே கட்டாகக் கிடக்கும். ஆனால் நல்ல சரக்கு வருவது ஊர்ப்புறத்துப் பழைய பேப்பர் கடைக்குத்தான். யாரோ ஒரு தாத்தா போன பிறகு, வீட்டை இடிக்கும் முன் பரண் காலியாகும். இருபது முப்பது புத்தகத்தைச் சேர்த்துத் தைத்து, காலிகோ பைண்டு செய்து வைத்திருப்பார்கள். அதைப் பிரித்துத் தனித்தனியாக விற்றால் பணம் அதிகம். தயவுசெய்து பிரிக்காதீர்கள். எந்தப் படத்துக்குப் பிறகு எந்தப் படம் பார்த்தார், எதை விட்டார் என்று ஒரு மனிதரின் ரசனை முழுக்க அந்தத் தையலில் இருக்கிறது.

வைத்துக்கொள்வது பற்றி: லேமினேஷன் வேண்டவே வேண்டாம், செலோ டேப்பும் வேண்டாம். இரண்டுமே காகிதத்தைக் கொல்லும். துருப்பிடித்த பின்னை மெதுவாக எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தையுங்கள். பாலியெஸ்டர் உறையில் போட்டு, படுக்கை வசமாக, சுவரை ஒட்டாத அலமாரியில். பரண் சூடு ஆகாது. ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் போதும், ஆகவே மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது எல்லா மருந்தையும்விட மேல். ஸ்கேன் எடுக்கும்போது அட்டை, விளம்பரம், வெற்றுப் பக்கம் எதையும் விடாமல் எடுங்கள். முழுப் பாட்டையும் இணையத்தில் ஏற்றும் முன் ஒன்று யோசிக்க வேண்டும்: நம் சட்டப்படி கவிஞர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார் என்றால் 2033 முடியும்வரை. அட்டையையும் பட்டியல் பக்கத்தையும் மட்டும் போட்டாலே ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய உதவி. எந்தப் பாட்டு யாருடையது என்ற சண்டைகள் பல அந்த ஒரு பக்கத்தில் தீரும். எல்லா நல்ல பாட்டையும் கண்ணதாசன் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. 29 வயதில் போய்விட்ட பட்டுக்கோட்டையாரைப் போன்றவர்களுக்கு அச்சில் உள்ள பெயர்தான் காவல்.

இப்போது என் தேடல் பட்டியலில் முதலில் இருப்பது ‘ராஜமுக்தி’. 1948-இல் வந்தது. இங்கே நீங்கள் கேட்கலாம்: அது பாகவதர் படமாயிற்றே? ஆமாம், லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலிருந்து 1947-இல் விடுதலையாகி வந்த பாகவதர் தானே முனைந்து புனேயில் எடுத்த படம். கூட்டம் வரவில்லை. எம்.எல். வசந்தகுமாரி சினிமாவுக்குப் பின்னணி பாடத் தொடங்கியது அதில்தான். வசனம் எழுதப் புனே போனவர் புதுமைப்பித்தன். அங்கேதான் காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30-இல் திருவனந்தபுரத்தில் இறந்தார், படம் திரைக்கு வருமுன்னே. அந்தப் பாட்டுப் புத்தகத்தின் பட்டியல் பக்கத்தில் ‘வசனம்’ என்ற சொல்லுக்கு எதிரே என்ன அச்சாகியிருக்கிறது, அவர் பெயர் தனியாக இருக்கிறதா, வேறு பெயர்களோடு சேர்ந்து இருக்கிறதா, இறந்தவர் என்பதற்கு ஒரு குறிப்பாவது போட்டார்களா என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில், உங்கள் பெரியப்பா வீட்டில், இடிக்கப்போகும் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் அது இருக்கலாம். விற்கச் சொல்லவில்லை, அது உங்களிடமே இருக்கட்டும். அட்டையையும் அந்தப் பட்டியல் பக்கத்தையும் மட்டும் வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ‘ஸ்ரீ ராமானுஜர்’ கிடைத்தால், நேரம் காலம் பார்க்காமல் உடனே கூப்பிடுங்கள்.